அளவு ரவிக்கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், லேசில் போகாது. இதை என் அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்றைச் சீர்வரிசையோடு வைத்து, "பொண்ணு நல்லாத் தைப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாள். இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போனது அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் என் நாத்தனாரின் கல்யாண ரவிக்கையை நினைத்தால் எனக்குக் காது மடல் சூடாகிறது.

முன்னால் கடை, பின்னால் வீடு. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வந்து கடையில் மொய்க்கும். பூப்போட்ட சீத்தைத் துணி, வேட்டி, கறுப்புக் கம்பளி, தலைத்துண்டு என்று மாமனாரும் என் வீட்டுக்காரரும் நாள் முழுக்க கெஜக்கோலால் அளந்து கிழித்துப் போடுவார்கள். துணியை அளப்பதில் இருவரும் கெட்டிக்காரர்கள். அந்தத் துணிக்குள்ளே ஓர் உடம்பு போகப்போகிறது என்பது மட்டும் இருவருக்கும் கடைசி வரை தெரியாது. வீட்டுக்குள்ளே ஆட்சி மாமியாருடையது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், என்னைப் போலவே ஒல்லி. பெரிய மனுஷியான வயதில் அவளுக்கு முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது வலது தோள்பட்டை எலும்பு முதுகில் புடைத்து நின்றது, இடது தோள் இறங்கிவிட்டது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. தண்ணீர் தூக்குவாள், மாவிடிப்பாள், பாட்டுப் பாடுவாள். பழகாதது அவளைப் பெற்றவளுக்குத்தான்.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கூனிக்கிட்டு நடந்து பழகிட்டா, அம்புட்டுத்தான்" என்பாள் மாமியார். அதோடு விடுவாளா? வாசலைக் கடந்தால் "நிமிந்து நில்லுடி", சோற்றுக்கு உட்கார்ந்தால் "நிமிந்து உக்காருடி." எலும்பு வளைந்தவளை நிமிரச் சொல்வது நொண்டியை ஓடச் சொல்வது போலத்தான். ஆனால் மாமியாரிடம் அதை யார் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "நேத்து வந்தவ நீ" என்றாள்.

அந்தப் பெண்ணின் ரவிக்கை ஒவ்வொன்றிலும் மாமியார் இலவம்பஞ்சு அடைத்த சின்னத் தலையணை ஒன்றை இடது தோளுக்குள் வைத்துத் தைத்திருந்தாள். அது நகராமலிருக்க ஒரு நாடா. நாடா கக்கத்துக்குக் கீழே ஓடி முதுகில் இறுகும். அதனால் அவளால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஹட்டன் மழையில் எந்தத் துணிதான் காய்ந்தது? பஞ்சு எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஒரு புளித்த வாடை அடிக்கும். நாடா அறுத்த இடத்தில் தோல் வெந்து சிவந்திருக்கும். மேலே முந்தானையைப் போர்த்திவிட்டால் வெளியே பார்க்கிறவர்களுக்குச் சமமான தோள் தெரியும். மாமியாருக்கு வேண்டியது அதுதான்.

என் பங்குக்கு நான் முதலில் சண்டை போட்டது ஒரு காகிதத்தோடு. கடையில் சாமான் கட்டப் பழைய பேப்பர் வாங்குவோம். துரைமார் பங்களாக்களில் வேலை பார்க்கிறவர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு தடவை அந்தக் கட்டில் துரைசாணிகள் படிக்கிற பத்திரிகை ஒன்று வந்தது. அதன் நடுவே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய காகிதத்தை மடித்து வைத்திருந்தார்கள். விரித்துப் பார்த்தால் சட்டைக்கு வெட்டுகிற அச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். ஆசை பொறுக்காமல் அதை வைத்து எனக்கே ஒரு ரவிக்கை வெட்டினேன்.

அந்தக் காகிதத்துக்குள்ளிருந்த வெள்ளைக்காரி நல்ல ஆகிருதி போலிருக்கிறது. கழுத்து என் தோளைத் தாண்டி வழிந்தது, கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது, இடுப்புத் தையல் எங்கேயோ கீழே போய் நின்றது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு இன்னொரு ஆளையும் சேத்துக்கலாம் போலிருக்கே" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

ஆனாலும் விட்டேனா? மிஞ்சிய இடத்தைக் கிள்ளிப் பிடித்துக் குண்டூசி குத்தி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தையலைப் பிரித்து, அந்தக் கோட்டைக் காகிதத்துக்கு மாற்றி, திரும்ப வெட்டினேன். மாவு மூட்டை வந்த வெள்ளைத் துணிதான் ஒத்திகைக்கு. பல தடவை வெட்டி வீணடித்த பிறகு எனக்கு ஒரு ரவிக்கை வந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட, வாயில் என்கிற மெல்லிய துணி. கையைத் தூக்கினாலும் மேலே ஏறாது, குனிந்தாலும் பிடிக்காது. அதைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அதைப் பார்த்துத்தான் நாத்தனார் கேட்டாள். "எனக்கும் அப்படி ஒண்ணு தச்சுத் தாங்க அண்ணி. பஞ்சு இல்லாம."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தக் காகிதத்தின் அயோக்கியத்தனம் தெரிந்தது. அதில் இருப்பது பாதி ரவிக்கைதான். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் காகிதத்தை வைத்து, ஒரே வெட்டாக வெட்டி விரித்தால் முழுசு வரும். இடது பாதி எப்படியோ வலது பாதியும் அப்படியே என்று காகிதம் பேசாமல் முடிவுகட்டி வைத்திருக்கிறது. என் நாத்தனாரின் உடம்பு அதற்கு ஒத்துவரவில்லை. இடது தோளுக்குச் சரிசெய்தால் வலது முதுகு இழுத்தது. வலது முதுகுக்கு விட்டுக்கொடுத்தால் இடது பக்கம் பை மாதிரித் தொங்கியது. ஒரு நாள் எனக்கு வந்த எரிச்சலில் காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டேன். அது எரிகிறபோதுதான் புத்தி வந்தது. மடிப்பு எதற்கு? மடிக்காமல் வெட்டு!

பழைய பேப்பர்களைப் பசை தடவி ஒட்டி அவள் முதுகளவு பெரிய தாள் செய்தேன். அவளை நிற்க வைத்து இடது பாதியைத் தனியாக, வலது பாதியைத் தனியாக வரைந்தேன். வலது முதுகுக்கு அகலமும் நீளமும் கூடுதல். இடது தோள்தையல் இறக்கிச் சரிவாக. வலது கைக்குழி பெரிது, இடது சிறிது. கீழ் ஓரம்கூட இரண்டு பக்கமும் ஒரே நீளம் கிடையாது. அளவெடுக்கும்போது புடைத்த எலும்பின்மேல் என் விரல் பட்டால் அவள் சும்மா நிற்பாள். நாடா அறுத்த இடத்தில் பட்டால் துள்ளுவாள்.

தைத்து முடித்து மேசையில் போட்டால் அந்த ரவிக்கை கோணலும் மாணலுமாகக் கிடந்தது. அவள் போட்டுக்கொண்டதும் அப்படியே உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. அவள் நேரே அடுப்படிக்குப் போய், மேல் தட்டிலிருந்த ஊறுகாய்ச் சாடியை இடது கையால் எட்டி எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்து மேலே வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

கொடியில் அது காய்ந்தபோது மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"இது என்னடி, குரங்குக்குத் தச்சதா? தச்சவளுக்குக் கண்ணு கோணலா, கை கோணலா?"

"உங்க மகளுக்குத் தச்சது அத்தை. அவ உடம்புக்குச் சரியா இருக்கு."

"அவ உடம்பு எப்படின்னு ஊருக்கே கொடி கட்டிக் காட்டுறியா?"

சொல்லிக்கொண்டே நடுமுதுகில் பிடித்துக் கிழித்தாள். புதுத் துணி, கிழிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒரு பாதி அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற கைப்பிடித் துணியானது. இன்னொரு பாதி தரை துடைக்கப் போயிற்று. என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பாதியை அன்றைக்குச் சொல்லியும் விட்டேன். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஓடிவந்து, "அம்மாகிட்ட ஏன் வாய் குடுக்கிற?" என்று என்னைத்தான் கேட்டார். கிழிந்தது அவருடைய தங்கையின் ரவிக்கை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் உள்ளே போய்ப் பஞ்சு ரவிக்கையின் நாடாவை இறுக்கிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வரன் வந்தது. பூண்டுலோயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் அவளைச் சுவரோடு சுவராக உட்கார வைத்தாள். தலையில் வைத்த பூவை முதுகு மறையும்படி தொங்கவிட்டாள். போகும்போதும் வரும்போதும் நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டுமென்று உத்தரவு. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வந்தவர் சிரித்த முகமாக இருந்தார், காப்பி சிந்தியதும் தன் துண்டாலேயே துடைத்தார். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கல்யாணம் அவளுக்கு வேண்டும். அந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு வேறு வழி கிடையாது.

நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டார் அளவு ரவிக்கை கேட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் கூறைப்புடவையோடு ரவிக்கையும் அவர்களே தைத்துக் கொடுப்பார்கள். பெண்ணுக்குப் பொருத்தமாயிருக்கிற ஒரு ரவிக்கையைப் பெண் வீடு அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து அவர்கள் தையல்காரர் வெட்டுவார். தாலி கட்டும்போது பெண் அதைத்தான் உடுத்தியிருக்க வேண்டும். கேட்டதை அனுப்பிவிட்டதாக மாமியார் சொன்னாள். எதை அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு, "அனுப்ப வேண்டியத அனுப்பிட்டேன்" என்றாள்.

அதே சமயம் என் நீலப் புள்ளி ரவிக்கை காணாமல் போனது. கொடியில்தான் போட்டிருந்தேன். "காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். ஹட்டன் காத்தப் பத்தித் தெரியாதா?" என்றாள் மாமியார். நான் பைத்தியக்காரி மாதிரிக் கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கத்து வாய்க்காலெல்லாம் தேடினேன். ரயில் பாதை வரைக்கும் போனேன். நான் நனைந்து திரும்பி வருவதை அந்த அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் பூண்டுலோயாவிலிருந்து தட்டு வந்தது. கூறையும் ரவிக்கையும் முகூர்த்தம் வரை பெண் வீட்டுச் சாமி படத்தடியில் இருக்க வேண்டுமாம். அரக்குச் சிவப்புப் பட்டு, நல்ல பட்டு. குறை சொல்ல முடியாது. ரவிக்கையைத் தூக்கினேன். அதன் அடியில், மடித்துத் தேய்த்து, அளவுக்கு அனுப்பியதைத் திருப்பி வைத்திருந்தார்கள். என் நீலப் புள்ளி ரவிக்கை.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பஞ்சு வைத்ததை அனுப்பினால் தையல்காரர் கையில் பஞ்சு அகப்படும். கோணலாகத் தைத்ததைத்தான் கிழித்தாயிற்று. அதனால் என்னுடையதை எடுத்து அனுப்பியிருக்கிறாள். பெற்ற மகளின் கல்யாணத்துக்கு மருமகளின் உடம்பை அளவாகக் கொடுத்த தாயை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"ரெண்டு பேரும் ஒரே ஒல்லிதானே. ஒரே உடம்புதான்" என்றாள் மாமியார்.

"ஒரே உடம்பா? அப்ப அவளுக்குப் பஞ்சு, எனக்கு ஏன் இல்ல?"

மாமியார் ரவிக்கையை மகளிடம் நீட்டினாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். நாத்தனார் கையை நுழைத்தாள். வலது முதுகில் பட்டு ஏறவில்லை. முன்னால் கொக்கியும் வளையமும் சேரவில்லை. மாமியார் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்து, "மூச்சைப் பிடி" என்றாள். பிடித்தாள். "இன்னும் பிடி." தோள்தையல் நறநறவென்றது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. இடது பக்கம் தொளதொளவென்று நின்றது. அங்கே பஞ்சு வைத்தால் சரியாகும் என்று மாமியார் அப்போதும் சொன்னாள்.

"ஒரு நாள்தானே? தாலி ஏறுற வரைக்கும் பொறுத்துக்க."

"அவளோட நாத்தனாருதான் கூறை கட்டி விடுவாங்க. அவங்க கை பஞ்சுல படாதா?" என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அக்காள்தான் பெண்ணுக்குக் கூறை உடுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த முறை.

"படாமப் பாத்துக்க. அதுக்குத்தான் நீ இருக்க."

அந்த ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். பூண்டுலோயாத் தையல்காரர் உள்ளே விட்டிருந்த துணி நூல் பருமன்தான். வலது முதுகில் அகலப்படுத்த வேறு பட்டு வேண்டும். எங்கள் கடையில் சீத்தையும் கம்பளியும்தான். ஹட்டன் கடைவீதி முழுக்கத் தேடினேன். சிவப்பு கிடைத்தது, அந்த அரக்குச் சிவப்பு கிடைக்கவில்லை. அந்தப் பட்டு ஒரே இடத்தில்தான் இருந்தது: கூறையில். அதில் கத்தரி படக்கூடாது. பட்டால் குடும்பம் இரண்டாகும் என்பார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வட்டவளையில் இருந்த சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க மாமியாரும் மாமனாரும் ரயிலேறிப் போன அன்று, நாத்தனார் கூறையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள். கத்தரியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"வெட்டுங்க அண்ணி."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"குடும்பம் ரெண்டாகும்னு சொல்றாங்க. நான் மூச்சு முட்டிச் செத்தா குடும்பம் ஒண்ணா இருக்குமா?"

இடுப்பில் செருகுகிற உள்முனையில் ஒரு பட்டையளவு வெட்டினேன். பயம் இருந்தது, ஒளிக்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டின்மேல் இருந்த ஆத்திரம் பயத்தைவிடப் பெரிது. பிறகு ரவிக்கையை முழுசாகப் பிரித்து, முன்பு போலவே இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தைத்தேன். வலது முதுகில் பட்டையைச் சேர்த்தேன், இடது தோளை இறக்கினேன், கக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்தேன். கூறையின் வெட்டிய ஓரத்தை மடித்துக் கைத்தையல் போட்டேன். மாமியார் திரும்பி வந்து "சரி பண்ணிட்டியா?" என்றாள். "சரி பண்ணிட்டேன்" என்றேன். பஞ்சு வைத்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வது?

கல்யாணம் வீட்டிலேயே. பின்முற்றத்தில் தகரப் பந்தல், அதன்மேல் தூறல். கூறைத் தட்டை ஆசீர்வாதம் செய்து கொடுத்ததும் பெண்ணை உள்ளே அழைத்து வந்தோம். சிவப்பு ரவிக்கையை நான் போட்டுவிட்டேன். அவள் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாமியார் கதவோரம் காவல். மாப்பிள்ளையின் அக்காள் வந்து கூறையைப் பிரித்து, உள்முனையை இடுப்பில் செருகப் போனாள். அவள் விரல் என் கைத்தையலில் பட்டது. நின்றாள். முனையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கூறையில யாரு கத்தரி வச்சது?"

மாமியாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிமிஷம்தான் அவளுக்கும் தெரிய வந்தது. ஆனால் வாய் மட்டும் எப்போதும் தயார்.

"இவதான்! எம்மருமகதான்! எம்மக நல்லா இருக்கிறது இவளுக்குப் பொறுக்கல. பொறாமைல வெட்டிப்புட்டா!"

வெட்டியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நாத்தனார் பேசினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நான்தான் வெட்டச் சொன்னேன். நீங்க அனுப்பின ரவிக்கையில என் முதுகு நுழையலங்க. பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள்.

மாப்பிள்ளையின் அக்காள் கூறையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து, "கெடுத்தீங்களே, கெடுத்தீங்களே" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே மேளம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கல்யாணம் நின்றால் அந்தப் பெண் மிச்ச ஆயுளுக்கும் இந்த வீட்டில் பஞ்சைச் சுமக்க வேண்டும். அவளோ இன்னும் முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். கனத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. ஜன்னல் வழியே துப்பிவிட்டு வந்து, புடைத்த எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார்கள்.

"வலிக்குமா?"

"இது வலிக்காதுங்க அத்தை" என்றாள் அவள். "பஞ்சு வச்சாத்தான் வலிக்கும்."

என்ன பஞ்சு என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்கள். சற்று முன் அவள் கழற்றிப் போட்ட பழைய ரவிக்கையை எடுத்து நாடாவோடு காட்டினேன். வாங்கிப் பிசைந்து பார்த்தார்கள். முகர்ந்துகூடப் பார்த்தார்கள்.

"அப்ப அளவுக்கு வந்த நீல ரவிக்கை?"

"என்னோடதுங்க. என்னைக் கேக்காம எடுத்தது."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்தது. தரையில் உட்கார்ந்திருந்த என் மாமியாரைப் பார்த்து, "எங்களை ஏமாத்தினதுக்கு உங்ககிட்ட நான் பேச வேண்டியிருக்கு சம்பந்தியம்மா. இன்னிக்குப் பேச மாட்டேன். முகூர்த்தம் போயிட்டிருக்கு" என்றார்கள். பிறகு தன் மகளைக் கூப்பிட்டு, "கட்டி விடுடி" என்றார்கள்.

மணவறையில் மாப்பிள்ளை நல்ல உயரம். மாலை போட நாத்தனார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். பட்டு எங்கும் பிடிக்கவில்லை. ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்திருப்பதைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சிலர் குசுகுசுத்தார்கள். மாப்பிள்ளை குனியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் வட்டவளைச் சொந்தக்காரி ஒருத்தி, "ரவிக்கை என்ன அழகா உக்காந்திருக்கு! கடைல தச்ச மாதிரியே இல்ல" என்றாள். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அளவு சரியாக் குடுத்தா எல்லாம் சரியா வரும்" என்றாள். நான் அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி என் கையில் இருந்தது. கல்யாண வீடாயிற்றே என்று அடுத்த இலைக்குப் போனேன்.

மாலையில் பெண்ணை அழைத்துப் போக வாடகைக் கார் வந்து நின்றது. டிரங்குப் பெட்டியைக் கட்டியது மாமியார். தூக்குகிறவர்கள் வருவதற்குள் நாத்தனார் வாசலில் வைத்து அதைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் அந்தப் பஞ்சு ரவிக்கைகள் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. புதிதாக நாடா மாற்றியிருந்தாள் மாமியார். நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அம்மாவின் கையில் வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்குடி எடுக்கிற? அங்க போட்டுக்க வேணாமா?"

"இது எனக்குத் தச்சது இல்லம்மா. நேரா நிக்கிற ஒரு மக உங்க மனசுல இருக்கா, அவளுக்குத் தச்சது. அவ வந்தா குடுங்க."

கும்பிட்டாள். காரில் ஏறினாள். கார் கடைவீதியைத் தாண்டி வளைவில் மறைந்தது. மாமியாரின் கை தளர்ந்து ரவிக்கைகள் ஒவ்வொன்றாக ஈரத் தரையில் விழுந்தன. அவள் அழுதாள். நிஜமான அழுகைதான், எனக்குத் தெரியும். எனக்கு இரக்கம் வரவில்லை. பொறுக்கித் தரச் சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். நான் குனியவில்லை.